மூட்டைக்கு ஒரு அடையாளம்

சலவைக்கடையில் போன் எடுப்பது வாலுவின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை இஸ்திரி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால், ஷட்டர் இறக்கும்வரை கடை போனுக்கு அவள்தான் ராணி. அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. டீச்சர்கள் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதினைந்து வயதாகியும் மற்ற எல்லாருக்கும் அவள் வாலுதான்.

கடை சின்னது. இரண்டு பெரிய மெஷின், ஒரு ட்ரையர், சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் பழுப்புத் தாளில் கட்டிய மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையின் மேலும் பெயரும் ஆறு இலக்க எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு. அதே எண் வாடிக்கையாளரின் ரசீதிலும் இருக்கும். ஆனால் ரசீதைத் தொலைக்காத வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. போன் செய்து, "என் நம்பர் என்னம்மா?" என்பார்கள். வாலு தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடகடவென்று ஒப்பித்துவிடுவாள்.

எண்ணைச் சொன்னால் மட்டும் துணி கிடைத்துவிடாது. ஒருமுறை யாரோ ஒருவர் வேறு யாருடைய சட்டையையோ வாங்கிக்கொண்டு போனதிலிருந்து, அம்மா எல்லாரிடமும் ஓர் அடையாளம் கேட்பாள். மூட்டைக்குள் இருப்பதில் ஏதாவது ஒன்று. விட்டுப்போன பட்டன், சாயம் போன காலர், மடிப்பில் ஒரு கிழிசல். அதைச் சொன்னால்தான் மூட்டை கைமாறும். யாராக இருந்தாலும் சரி.

அந்த "யாராக இருந்தாலும்" அம்மாவின் கூடப்பிறந்த அக்காவையும் பலி வாங்கியது. பெரியம்மா டாக்ஸி ஓட்டுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கடை நிறைய ஆள் இருந்த ஒரு சாயங்காலம், ரசீது இல்லாமல் வந்து நின்றாள். அம்மாவும் பழக்கதோஷத்தில், தலையைக்கூடத் தூக்காமல், "அடையாளம் சொல்லுங்க" என்றாள்.

"ஒரே வயித்துல பொறந்தவடி நான். என்கிட்டயே அடையாளம் கேக்குறியா?"

"எல்லாருக்கும் அதானே ரூல்" என்றாள் அம்மா. அப்போது சிரித்திருந்தால் முடிந்திருக்கும். சிரிக்கவில்லை. பெரியம்மா மூட்டையை விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசவில்லை. மூட்டை உச்சித் தட்டில் அப்படியே இருக்கிறது. வாலு மட்டும் பெரியம்மாவோடு ரகசியமாகப் பேசுவாள். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள்.

இன்று சாயங்காலம் வந்த போன் மற்ற போன்களைப் போலத்தான் இருந்தது.

"சலவைக்கடைங்களா? போன வாரம் துணி போட்டிருந்தேன்மா. என் ரசீது நம்பர் எனக்கு வரவேண்டியது, மாறி உங்க போனுக்கே வந்துடுச்சு பாருங்க. ஆறு நம்பர். கொஞ்சம் படிச்சு சொல்லிடுங்களேன், வண்டில இருக்கேன்."

அந்த நிமிடமே கடை போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. ஆறு இலக்கம். வாலு கடகடவென்று ஒப்பித்தாள்.

"தேங்க்ஸ்மா. நல்லா இரு" என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில், கடைக்காரர்கள் எல்லாரும் மெசேஜ் அனுப்பும் அந்த ஆப் தானாக மூடிக்கொண்டது. திறந்தால், உங்கள் கணக்கு வேறொரு போனில் இயங்குகிறது என்றது. மெஷினுக்குள் பாதி உடம்பை நுழைத்து ஈரத் துணியை அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அம்மா, ஆப் என்னமோ பண்ணுது" என்றாள்.

"பழைய போன். மண்டைல ரெண்டு தட்டு தட்டு. காலைல பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்தபின், சார்ஜ் போடுகிற சாக்கில் வாலு அந்த மெசேஜை மறுபடி எடுத்துப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. 'இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.' சாயங்காலமும் அந்த வரி அங்கேதான் இருந்தது. தினமும் மூட்டை மேல் எண் படித்துப் பழகிய கண், எண்ணைப் பார்த்தது, வரியைப் பார்க்கவில்லை.

அது ரசீது எண்ணே இல்லை, ஆப்பைத் திறக்கிற எண். இப்போது அம்மாவாக வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவின் படம், அம்மாவின் எண், கடையின் பெயர். யார் யாருக்கு என்னென்ன எழுதிக்கொண்டிருக்கிறார்களோ. சொன்னால் அம்மா அடிக்கமாட்டாள். "இனி போன் தொடாதே" என்பாள், அவ்வளவுதான். அடியே தேவலை. கடை போனை நம்பிக் கொடுத்தபோது அம்மா சொன்னது, "நான் இல்லாத நேரம் நீதான் நான்" என்பது.

பக்கத்து அறையில் அம்மா காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டாள். குறட்டை கேட்டது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டபோது, வாலுவின் சொந்தப் போன் அதிர்ந்தது. பெரியம்மா.

"ஏய் வாலு, தூங்கிட்டியா?"

"இல்ல பெரியம்மா." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஸ்டாண்டுல இருக்கேன். ரயில் லேட்டு, சவாரி இல்ல. ஒன்னு சொல்றேன், கத்திடாதே. உங்கம்மா எனக்கு மெசேஜ் போட்டிருக்கா!"

வாலு எழுந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சுடி! மகாராணி எறங்கி வந்துட்டா. மெஷின் எரிஞ்சுடுச்சாமே? அவசரமா பணம் வேணுமாம். யார்கிட்டயும் கேக்கல, என்கிட்ட கேட்டிருக்கா பாரு. நீ ஏன்டி எனக்கு சொல்லல, மெஷின் எரிஞ்சதை?"

"பெரியம்மா, என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

பெரியம்மா கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தாள். "'கடையில் இயந்திரம் எரிந்துவிட்டது. உடனடியாகப் பணம் தேவை. இப்போது பேச முடியாது. நாளை திருப்பித் தருகிறேன்.' கீழ ஒரு அக்கவுண்ட் நம்பர். யாரோ ஒரு ஆளோட பேரு. மெக்கானிக்கா இருக்கும்."

"அக்கான்னு எழுதலயா?"

"எழுதல. கோவம் போக நாளாகும்ல? மெதுவா வருவா."

"அம்மா என்னிக்கு பெரியம்மா இயந்திரம்னு சொல்லியிருக்கா? அது என்ன மேடைப் பேச்சா?"

"ஏன்டி, மரியாதையா எழுதினா தப்பா? காசு கேக்கும்போது தமிழ் தானா நல்லா வரும்." பெரியம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாலு ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. "சரி, நான் இப்பவே அனுப்பிடறேன். நீ எதுவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. அவளே வந்து பேசட்டும்."

சொல்லாவிட்டால் பெரியம்மாவின் பணம் போகும். சொன்னால் இந்தச் சிரிப்பு போகும், தன் குட்டும் உடையும்.

"அனுப்பாதீங்க."

"என்னது?"

"அது அம்மா இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "உங்கம்மா நம்பர்தான். அவ போட்டோ இருக்கு. நீ சின்னப்புள்ள, இதுல மூக்கை நுழைக்காதே. நான் அவளுக்கு அனுப்பக்கூடாதுன்னு யார் சொன்னா? அவளா?"

"இல்ல பெரியம்மா..."

"பின்ன என்ன? அவ கேட்டுட்டு வேணாங்குறாளா? இல்ல நான் குடுத்து அவ கை நீட்டி வாங்குறது உனக்குக் கேவலமா இருக்கா?"

"அடையாளம் கேளுங்க!" வாலு அடக்கிய குரலில் கத்தினாள். "உங்க மூட்டைல என்ன இருக்குன்னு கேளுங்க. அம்மாவா இருந்தா சொல்லிடுவா."

சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. காருக்கு வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"அந்த வார்த்தையை வெச்சுதான்டி நாங்க பிரிஞ்சோம்" என்றாள் பெரியம்மா.

"தெரியும். ஒரே ஒரு தடவை கேளுங்க."

டைப் செய்யும் டொக் டொக் சத்தம். பெரியம்மா எப்போதும் ஒரே விரலால் டைப் செய்வாள். பிறகு காத்திருந்தார்கள். பக்கத்து அறையில் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா தூங்குகிறாள். அம்மாவின் பெயரில் யாரோ விழித்திருக்கிறார்கள்.

"வந்துடுச்சு" என்றாள் பெரியம்மா. படிக்கும் குரலில் இப்போது உற்சாகம் இல்லை. "'விளையாட நேரமில்லை. சீக்கிரம் அனுப்பு.'"

"பெரியம்மா..."

"அவளுக்கு விளையாடவே தெரியாதேடி. கேட்டா ஒழுங்கா பதில் சொல்லுவா. சண்டை போட்டாவது சொல்லுவா." மூக்கை உறிஞ்சினாள். "நான் ஒரு லூசு. ஒரு மெசேஜைப் பாத்ததும் கார்ல உக்காந்து தனியா சிரிச்சுட்டிருந்தேன். பக்கத்து வண்டிக்காரன் என்னக்கா லாட்டரியான்னு கேட்டான்."

வாலு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். போன் வந்தது, ஆறு இலக்கத்தை ஒப்பித்தது, கீழே இருந்த வரியைப் பார்க்காதது, அவன் "நல்லா இரு" என்றது. "துணி குடுக்க அடையாளம் கேக்குறோம். நம்பர் குடுக்க யாரும் கேட்டதே இல்ல பெரியம்மா. நானும் கேக்கல."

"நம்பர் கேட்டா குடுக்கறதுதானே உங்க கடைல பழக்கம். அந்தப் படுபாவி அதைத் தெரிஞ்சு கேட்டானோ, ஏதோ கடைன்னு கேட்டானோ." பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அழுது முடிச்சாச்சா? எனக்கு வந்திருக்குன்னா கடைக்கு துணி போடுற அத்தனை பேருக்கும் போயிருக்கும். காலைல சொல்லலாம்னு படுத்துட்டியா?"

"ம்."

"விடியறதுக்குள்ள அவன் ஊரையே வழிச்சுடுவான். போய் உங்கம்மாவை எழுப்பு. நான் வைக்கல. லைன்லயே இருக்கேன்."

அம்மாவை எழுப்புவது சுலபமில்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும், "எந்த மெஷின்?" என்றபடி எழுந்தாள். விளக்கைப் போட்டு, வாலு சொன்னதை முழுக்கக் கேட்டாள். முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"சாயங்காலமே ஏன் சொல்லல?"

"போன் தொடாதேன்னு சொல்லிடுவியோன்னு."

"சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. அப்போதுதான் வாலுவின் கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்த போனைக் கவனித்தாள். "லைன்ல யாரு?"

வாலு போனை நீட்டினாள். அம்மா அதைச் சூடான இஸ்திரிப் பெட்டியை வாங்குவதுபோல வாங்கினாள். காதில் வைத்தாள். போனிலிருந்து பெரியம்மாவின் குரல், வாலுவுக்கும் கேட்கும்படி, கறாராக வந்தது.

"நீதான் என் தங்கச்சின்னு நான் எப்படி நம்பறது? அடையாளம் சொல்லு."

அம்மாவின் உதடு துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

"நீலக் கலர் ஸ்வெட்டர். முழங்கைல எலி கடிச்ச மாதிரி ஓட்டை. நீ துவைக்கத்தான் போட்டே, நான் தெச்சும் வெச்சேன். ரெண்டு சட்டை. ஒரு சட்டைப் பாக்கெட்ல பெட்ரோல் பங்க் பில்லு, எடுத்து பத்திரமா வெச்சிருக்கேன். போதுமா? இல்ல இன்னும் சொல்லணுமா?"

"தெச்சியா?"

"ஓட்டையோட எப்படி குடுக்கறது?"

"தையல் கூலி யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. நீ வந்து எடுத்துட்டுப் போ மொதல்ல. ரெண்டு வருஷமா தூசி தட்டி கை ஓயுது." அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பணம் அனுப்பிட்டியா?"

"உன் வாலு தடுத்துட்டா. இல்லன்னா போயிருக்கும்."

அதற்குமேல் அவர்கள் பேச அம்மா இடம் கொடுக்கவில்லை. வேலை இருந்தது. கடை போனில் ஆப்பைத் திரும்பப் பெற முயன்றார்கள். புதிதாக ஆறு இலக்கம் வந்தது. இந்தமுறை வாலு அதை வாய்விட்டுக்கூடப் படிக்காமல் போட்டாள். அவனும் அந்தப் பக்கம் முயன்றுகொண்டிருந்தான் போல. கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னது ஆப். அதுவரை அவன்தான் அம்மா.

"காத்திருக்க முடியாது" என்று அம்மா கடை போனை வாலுவின் மடியில் போட்டாள். "ஒவ்வொருத்தருக்கா போன் போடு. மெசேஜ் வந்தா நம்பாதீங்க, பணம் அனுப்பாதீங்கன்னு சொல்லு."

"நானா?"

"நான் இல்லாத நேரம் நீதானே நான். இருக்கிற நேரமும் பண்ணு."

முதலில் மருந்துக்கடைக்காரர். வாரம் தவறாமல் வெள்ளைக் கோட்டைச் சலவைக்குப் போடுகிறவர். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"மாமா, சலவைக்கடைலேர்ந்து பேசறேன். எங்க பேர்ல ஏதாவது மெசேஜ் வந்தா..."

"வந்துச்சே. கொஞ்ச நேரம் முன்னாடிதான் பாதி அனுப்பினேன். மீதியும் உடனே அனுப்புன்னு அவசரப்படுத்துறாங்க. நீ யாரு?"

"அது ஏமாத்து மாமா. மீதியை அனுப்பாதீங்க. உங்க பேங்குக்கு இப்பவே போன் பண்ணி, போனதை நிறுத்த முடியுமான்னு கேளுங்க. போலீஸ்லயும் சொல்லிடுங்க."

"இரு இரு. எது ஏமாத்து? அதுவா, நீயா? ராத்திரி எவளோ போன் பண்ணி அனுப்பாதேன்னா நான் நம்பிடணுமா?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். அம்மா புருவத்தைத் தூக்கினாள்.

"உங்க வெள்ளைக் கோட்டு, வலது பாக்கெட் ஓரம் ஊதா மை ஒழுகியிருக்கும்" என்றாள் வாலு. "மூணு தடவை ஊற வெச்சும் போகல. போகலன்னு நீங்க என்னைத்தான் திட்டினீங்க."

அந்தப் பக்கம் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது.

"அட, வாலுவா?" என்றார். கட்டிலிலிருந்து இறங்குவது கேட்டது. "அய்யய்யோ. பேங்க் நம்பர் எங்க வெச்சேன்? வை, வை, போனை வை."

அந்தப் பணம் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது. வாலு அடுத்த எண்ணைப் போட்டாள். மணி அடிக்கும்போதே, தையல் டீச்சரின் சிவப்புப் பாவாடையில் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று யோசித்துக்கொண்டாள். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, கடைச் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.