மூலைப்பிடி

ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அக்கரை டலாவுக்குப் போகும் படகில் ஏறியதும் சத்யபாமா முதல் காரியமாக, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிறவனை ஒரு முறை முறைத்தாள். ஆற்றைத் தாண்டுகிற நேரத்துக்கு ஒரு நாற்காலி, அதற்கு ஒரு வாடகை! முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்களுக்கு நடுவே கூடையை இடுக்கிக்கொண்டு நின்றாள். கூடையில் சேற்றில் இறங்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு பழைய லோஞ்சி, தம்பி பெண்டாட்டி ராதாவுக்குப் பிடிக்குமே என்று வேகவைத்த பட்டாணி ஒரு டப்பா, கொஞ்சம் வெற்றிலை. ஆடி மழை படகுத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் அவர்கள் ஊரில் நடவு. அதாவது நாளைக்கு. வருகிறேன் என்று தம்பியிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான், பாவம், அக்காவின் கால்வலியை நினைத்து.

ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. விடியும் முன்னே முளைகட்டிய பட்டாணியை வேகவைத்து, எண்ணெய் தெளித்து, ரயில்வே கேட் பக்கத்தில் கடையை விரித்துவிடுவாள். புருஷன் இராமையா ரயில்வே பட்டறையில் கூலிக்கு இருந்தவன், முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. இப்போது வீட்டுக்காரன் கட்டடத்தை இடிக்கப் போகிறானாம். மழை முடிந்து வரும் விளக்குத் திருவிழாவுக்குள் எல்லோரும் காலி பண்ண வேண்டுமாம். வாடகை விற்கிற விலையில் எங்கே போவது என்று சந்தே கையைப் பிசைந்துகொண்டிருந்தது. சத்யபாமா மட்டும் பட்டாணியை அள்ளிப் போட்டபடி, "எனக்கென்னடி, எனக்கு நெலம் இருக்கு. ஒரு குடிசையப் போட்டுக்கிட்டு ராணி மாதிரி இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நாலு பேர் பெருமூச்சு விட்டதில் அவளுக்கு ஒரு திருப்தி.

நிலம் இருக்கத்தான் செய்தது. டலாவிலிருந்து உள்ளே போனால், பர்மாக்காரர்கள் வேறு பெயர் சொல்லும், தமிழர்கள் மட்டும் வாய்க்கால்கரை என்று கூப்பிடும் சின்ன ஊர். தாத்தா காடு வெட்டித் திருத்திய வயல். அப்பா செத்த பிறகு அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. ஆனால் கவர்மெண்டுக் காகிதம் தம்பி பிரேம்நாத் பேரில் மட்டும். அதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். தமிழனுக்கு முழுக் குடியுரிமை அட்டை லேசில் கிடைக்கிற சமாச்சாரமா? வீட்டில் யாராவது ஒருத்தருக்குக் கிடைத்தால், மொத்த நிலமும் அந்தப் பேரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேம்நாத்துக்கு அந்த அட்டையை வாங்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவளே சத்யபாமாதான். ஆம்பிளைப் பிள்ளை, அவனுக்கு முதலில் வரட்டும் என்று அவளேதான் சொன்னாள். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

யார் பங்கு எது என்பதற்கு ஊரில் வேறு வழி இருந்தது. நடவு நாளில், கூலிப் பெண்கள் வயலில் இறங்குவதற்கு முன்னால், பங்குக்காரர் வந்து தம் பங்கின் வடகிழக்கு மூலையில் தம் கையால் ஒரு பிடி நாற்றை நட வேண்டும். அதற்கு மூலைப்பிடி என்று பெயர். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்து, "பாத்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான் பத்திரம். பட்டணத்தில் பிழைக்கப் போனவர்கள், வெளியே கட்டிக்கொடுத்த பெண்கள், எல்லோரும் அந்த ஒரு நாளைக்கு எப்படியாவது வந்துவிடுவார்கள். மூன்று மழை, அதாவது மூன்று வருஷ நடவுக்கு, தொடர்ந்து வராவிட்டால் பங்கை விட்டுவிட்டதாக அர்த்தம். நட்ட மூலைப்பிடியை மட்டும் யாரும் பிடுங்க மாட்டார்கள். அண்ணன் தம்பி அரிவாளைத் தூக்கிக்கொண்ட வீடுகளில்கூட அது நடந்ததில்லை.

சத்யபாமா ஒரு மழைகூடத் தவறவிட்டவள் இல்லை, கொரோனாவில் ஊர் செத்துக்கொண்டிருந்த வருஷம் வரைக்கும். அந்த ஆடியில் படகு நின்றுபோயிற்று. "நீ அலட்டிக்காதேக்கா, உன் பேரச் சொல்லி நானே வச்சிடறேன்" என்று தம்பிதான் ஃபோனில் தேற்றினான். படமும் பிடித்துக் காட்டினான்: அவன் கை, சேறு, பச்சைப்பசேலென்று ஒரு பிடி. இவள் அந்த ஃபோனுக்கு முத்தம் கொடுத்தாள். மறு வருஷம் இராமையா படுக்கையில். அதற்கடுத்த வருஷம் இவள் முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவளை, சேற்றில் இறங்கிக் காலை ஒடித்துக்கொள்ளப் போகிறாயா என்று அவன் அதட்டினான். கையோடு ஒரு மூட்டை அரிசியும் அனுப்பினான். கூடப் பிறந்தவன் வைத்தால் என்ன, தான் வைத்தால் என்ன என்றுதான் அவளும் இருந்துவிட்டாள். அந்த அரிசியைச் சந்து முழுக்கக் காட்டி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பி உண்டா என்று கேட்டாள். படகை விட்டு இறங்கும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மோட்டார் பைக்கில் போகிற வழியெல்லாம் புதுப் பாலத்தின் பேச்சுத்தான். பாலம் வந்தால் டலாவும் ரங்கூனாகிவிடும் என்று பைக்குக்காரன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனாள். எப்போதும் அப்படித்தான் போவாள். வரப்பில் ஏறியவள், வழி தப்பிவிட்டோம் என்றே முதலில் நினைத்தாள். அவள் பங்கு இருந்த இடத்தில் மணல். ஆற்று மணலைக் குழாய் வைத்து அடித்து, வரப்புக்கு மேல் இடுப்பளவு உயரத்துக்கு ரொப்பி, சுற்றிலும் சிமெண்டுக் கம்பம் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். அதை ஒட்டித் தம்பியின் பங்கு அப்படியே இருந்தது. உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டி, நாற்றுமுடிகள் போட்டு, நாளைய நடவுக்குத் தயாராகக் கிடந்தது.

மேற்கு வயல்காரி டோ ச்சீ வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பர்மாக்காரி, வாயில் எந்நேரமும் சுருட்டு. தமிழர்களோடு சேர்ந்து நட்டு அறுத்து அவளுக்குத் தமிழும் ஒரு மாதிரி வந்துவிட்டது; சத்யபாமாவை மட்டும் பர்மா வழக்கப்படி மா சத்யா என்பாள். சத்யபாமா மணலைக் காட்டிக் கையை விரித்தாள். டோ ச்சீ நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மண்வெட்டியைக் கழுவினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ குடுத்திட்டே, ஒன் தம்பி சொன்னான், மா சத்யா. மூணு மழ நீ வரலே. நாங்க ஒண்ணும் பாக்கலே."

தம்பி தன் பேரில் நட்டானே, ஃபோனில் காட்டினானே என்று சத்யபாமா தட்டுத் தடுமாறிக் கேட்டாள். டோ ச்சீ யோசித்துப் பார்த்து, அவன் வருஷா வருஷம் ஒரே ஒரு பிடிதான் நட்டான், அதுவும் அவன் மூலையில், அவன் பேரைச் சொல்லி என்றாள். அப்படியானால் ஃபோனில் பார்த்தது அந்தப் பிடிதான். சேற்றுக்கு முகமா இருக்கிறது, இது யார் மூலை என்று அடையாளம் சொல்ல? சத்யபாமா அந்த ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஃபோனுக்கு முத்தம் வேறு கொடுத்திருந்தாள்.

வீடு இப்போது காரை வீடு. வாசலில் டைல்ஸ். பிரேம்நாத் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"மழ விட்டதும் வந்திருக்கலாமேக்கா."

"மழ விட்டா நடவு ஏதுடா?"

பிறகு அவன் பேச ஆரம்பித்தான். நிறையப் பேசினான். பாலத்துக்காக நிலம் தேடி வந்த தரகன், இப்போது விட்டால் இந்த விலை வராது என்றது, மகன் ஜப்பானுக்குப் போக வேண்டியிருந்தது, இவளுக்கும் ஏதாவது செய்யத்தான் நினைத்திருந்தது. எல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்தது மாதிரி வந்தது. கேட் பக்கம் சண்டை வந்தால் எட்டு ஊருக்குக் கேட்கும் வாய் சத்யபாமாவுக்கு. அது இன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒன் பங்க ஏன் விக்கல?"

அவன் சுவரைப் பார்த்தான். மூணு மழைக்கு நீ வரவில்லையே என்றான்.

"நீதானடா வராதேன்னே?"

"வராதேன்னுதான் சொன்னேன். வந்திருந்தா வெரட்டியிருப்பேனா?"

அதட்டிப் பிடுங்கியிருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். கால் எப்படியிருக்கிறது என்று வாரா வாரம் கேட்டானே, அந்தக் கேள்விக்கெல்லாம் இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. படுபாவி, காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே கழுத்தை அறுத்திருக்கிறான். அரிசி மூட்டையைக் கட்டும்போது கொஞ்சமாவது கை நடுங்கியிருக்குமா? நடுங்கியிருக்காது என்றே அவளுக்குப் பட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

ராதா கோழிக்குழம்பு வைத்தாள். மற்ற வருஷங்களில் சட்டியை நகர்த்தி, போட்டுக்கங்க அண்ணி என்பாள். சத்யபாமாவும் அடுப்படியிலேயே குந்தி, மிச்சக் குழம்பில் சோற்றைப் பிரட்டிச் சாப்பிடுவாள். இன்றைக்குப் புதுத் தட்டு வந்தது, மேஜை நாற்காலி வந்தது, பக்கத்தில் நின்று பரிமாறல் வந்தது. பட்டாணி டப்பாவை ராதா திறக்கவேயில்லை. கை கழுவி வருவதற்குள் அலமாரி மேல் ஒரு தாம்பாளம் தயாராகியிருந்தது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், மடிப்பு கலையாத புது லோஞ்சி ஒன்று. விருந்தாளியை வழியனுப்பும்போது வைத்துக் கொடுக்கிற தட்டு. "காலைல நீங்க கெளம்பறப்ப..." என்று ராதா தொடங்கினாள், முடிக்க முடியாமல் அழுதாள். நல்ல பெண்தான். ஆனால் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே, அந்த நல்லதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

படுத்தாளே தவிரத் தூக்கமில்லை. ரங்கூனுக்குத் திரும்பிப் போய் கேட் பக்கம் உட்கார்ந்தால், என்னாச்சு ராணியம்மா குடிசை என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதுகூடப் பெரிதில்லை. விளக்குத் திருவிழாவுக்குப் பிறகு எந்தக் கூரைக்குக் கீழே உலையேற்றுவது? அடுத்த அறையில் தம்பியின் குறட்டை கேட்டது. சின்ன வயதில் அவன் இப்படிக் குறட்டை விட்டால் மூக்கைப் பிடித்துத் திருப்பிப் படுக்க வைப்பாள். அந்த ஞாபகம் வந்ததற்கும் தன் மேலேயே கோபம் வந்தது.

வெளுக்க ஆரம்பித்ததும் எழுந்து பழைய லோஞ்சியைக் கட்டிக்கொண்டாள். தாம்பாளத்தைத் தொடவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வரப்பில் நடவுப் பெண்கள் வெற்றிலை மென்றபடி வந்து கூடிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் அப்பிய தனாக்கா பட்டைச்சாந்து இன்னும் காயவில்லை. அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். முள்கம்பி வரைக்கும் போய், மணலை ஒரு தரம் பார்த்துவிட்டு, சத்யபாமா திரும்பினாள். திரும்பித் தம்பியின் வயலில் இறங்கினாள்.

முழங்கால் அளவு சேறு. வலி உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்பைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள். தண்ணீரில் கிடந்த ஒரு நாற்றுமுடியை எடுத்துக் கட்டை அவிழ்த்தாள். வேரை அலசினாள். என்ன செய்யப் போகிறாள் என்று வரப்பில் இருந்த பெண்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் செய்வாள் என்று நம்ப முடியாமல் நின்றார்கள். வடகிழக்கு மூலைக்கு வந்து, பிரேம்நாத் வருஷா வருஷம் குனிகிற அதே இடத்தில் குனிந்தாள். கட்டைவிரலால் சேற்றைக் குத்தி, ஒரு பிடியை முழுசாக இறக்கி, சுற்றி அமுக்கினாள்.

"சத்யபாமா பங்கு" என்றாள். எட்டு ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

ஊர்ப் பாதையில் பிரேம்நாத் வந்துகொண்டிருந்தான், கையில் தன் மூலைப்பிடியோடு. பின்னால் ராதா, தாம்பாளத்தோடு, அண்ணியைத் தேடிக்கொண்டு. மூலையைப் பார்த்ததும் அவன் நடை நின்றது. அக்கா என்று கூப்பிட வாயெடுத்தவன், வரப்பில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அத்தனை பேரும் திரும்பியது அவன் பக்கம் இல்லை, டோ ச்சீ பக்கம். நேற்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் இன்றைக்குக் குனியவில்லை. பிரேம்நாத்தை ஒரு முறை பார்த்தாள், சேற்றில் நிற்பவளை ஒரு முறை பார்த்தாள், வாயிலிருந்து சுருட்டை எடுத்தாள்.

"பாத்தாச்சு."

ராதாவின் தாம்பாளத்தில் தூறல் விழுந்து புது லோஞ்சி நனைந்துகொண்டிருந்தது. பிரேம்நாத் தன் லோஞ்சியைத் தூக்கிச் செருகினான். கையிலிருந்த நாற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வரப்பிலிருந்து ஒரு காலை வயலுக்குள் வைத்தான். சத்யபாமா நகரவில்லை. அவன் காலடியில் கலங்கிய சேற்றுத் தண்ணீர் மெல்ல மூலைப்பக்கம் வந்து, அவள் நட்ட பிடியைத் தொட்டு, ஒரு தரம் ஆட்டிவிட்டு நின்றது.