மெர்ல் கிஸ்லர் தள்ளுபடியை வேண்டாம் என்ற நாள்

எங்கள் ஊர் மன்றத்தில் முட்டாள்தனமான தீர்மானம் நிறைவேறும்போதெல்லாம் அதை அழகான கையெழுத்தில் மினிட் புத்தகத்தில் எழுதி வைப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். டீட்டர்க்ரீக் ஊர் மன்றச் செயலாளர் ரோவீனா என்றால் பென்சில்வேனியாவில் இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பள்ளத்தாக்குக்குள் எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பயமும் உண்டு.

ஜூன் மாதக் கூட்டத்தில் நிறைவேறியது இதுதான். பள்ளி வரி கட்ட இனிமேல் யாரும் வரி வசூலிக்கிற லுவெல்லாவின் அடுக்களைக்குப் போக வேண்டாம். மன்றக் கட்டடத்தின் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். காசோலையை உறையில் வைத்து அதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

வரி எவ்வளவு என்று பள்ளி வாரியம் சொல்லிவிடும். எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் எங்களிடம் விட்டிருக்கிறார்கள். அந்தத் துளி அதிகாரம் கையில் இருக்கும்போது தலைவர் கிளென் சும்மா இருப்பாரா? டிராக்டர் உதிரிபாகம் விற்கிற மனிதர். மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்கில் ஏதோ மாநாட்டுக்குப் போய் இலவசச் சாப்பாடு சாப்பிட்டார், 'நவீனமயம்' என்ற சொல்லோடு திரும்பி வந்தார்.

"இந்தக் காலத்துல ஒரு பொம்பளை அடுக்களைல உக்காந்து வரி வாங்குறதா? வெளியூர்க்காரன் பாத்தா சிரிக்க மாட்டான்?" என்றார்.

"வெளியூர்க்காரன் எதுக்குய்யா நம்ம வரியப் பாக்க வர்றான்?" என்றாள் உறுப்பினர் இர்மா. சொன்னாளே தவிர, ஓட்டு கிளென் பக்கம்தான் போட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

லுவெல்லா முப்பத்தோரு வருடமாக எங்கள் வரி வசூலிப்பவள். நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவள். எதிர்த்து நிற்க இதுவரை ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. சொந்தத் தங்கை ஒரு நாள் தாமதமாக வந்ததற்கே அபராதம் போட்டவள். அவள், "மன்றம் சொன்னா சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பையை மூடினாள். அந்த நேரத்தில் கடைசி பெஞ்சில் மெர்ல் கிஸ்லரின் கையிலிருந்து தொப்பி கீழே விழுந்தது.

மெர்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோளம் பயிரிடுகிறவர், எழுபத்திரண்டு வயது. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. கோணல் ஆணி கிடைத்தால் நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பார்; அப்படி மூன்று டப்பா நிறைந்திருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் பள்ளி வரியை மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு தள்ளுபடி. எங்கள் ஊரில் தள்ளுபடியை விட்டவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். மெர்ல் ஆகஸ்ட் வரைகூடக் காத்திருக்க மாட்டார். ஜூலை முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு, சாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற ஒரே கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு லுவெல்லாவின் பின்கட்டுக் கதவைத் தட்டுவார்.

காசோலை கொடுத்து ரசீது வாங்க இரண்டு நிமிடம். அதற்கு மேல் பதினெட்டு நிமிடம் காப்பியும், கரும்புப்பாகு ஊற்றிச் சுட்ட 'பை' என்கிற பலகாரத்தில் ஒரு துண்டும். லுவெல்லாவின் கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதினெட்டு நிமிடம் அவள் சிரிக்கிற சத்தம் தெரு தாண்டி வரும். ஒட்டுக் கேட்பது என் பழக்கமில்லை. என் ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வேலை இல்லாமல் ஒருவர் வீட்டு அடுக்களையில் போய் உட்காருவது எங்கள் ஊரில் திருட்டுக்கு ஒரு படிதான் கீழே. வருடத்தில் மிச்ச நாளெல்லாம் இருவரும் தேவாலயத்தில் தூரத்திலிருந்து தலையாட்டிக்கொள்வார்கள். பெட்டி வந்தால் அந்த இருபது நிமிடமும் போச்சு. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் தீர்மானத்தை எழுதினேன். அன்று என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி வந்தது. புதிதாக வாங்கினால் செலவு என்று, பக்கத்து ஊர் நூலகம் தூக்கிப் போட்ட புத்தகப் பெட்டியைக் கிளென் சும்மா வாங்கி வந்தார். இரவல் புத்தகத்தைத் திருப்பிப் போடுகிற பெட்டி. அகராதியே படுத்துக்கொண்டு உள்ளே போகிற அளவுக்கு வாய். பச்சைப் பெயின்ட் அடித்து, 'பள்ளி வரி' என்று எழுதி வைத்தார்.

"வாய் ரொம்பப் பெருசா இருக்கே தலைவரே" என்றேன்.

"உறை பெருசா இருந்தா?"

"வரியோட சேத்து அலமாரியையும் போடப் போறாங்களா?"

"ரோ, நீ எழுதுற வேலைய மட்டும் பாரு." பெட்டியைத் தலைவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

ஜூலை முதல் தேதி ஒன்பது மணிக்கு மெர்லின் வண்டி பெட்டி முன்னால் வந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஐந்து நிமிடம் பெட்டியைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அந்த மாதம் மட்டும் பதினோரு முறை அப்படி வந்தார். ஒரு தடவை இறங்கி, குனிந்து, பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாருமில்ல" என்றார் என்னிடம்.

"யாரு இருக்கணும் மெர்ல்?"

"யாருமில்ல. சும்மா சொன்னேன்." காது இரண்டும் சிவந்துவிட்டது.

பிறகு ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்ட் என்றால் சுக்கினி. சுரைக்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு காய். ஒரு குடும்பத்துக்கு ஒரு செடி போதும். எல்லோரும் நாலு போடுவோம். ஆகஸ்டில் அது காய்க்கிற காய்ப்புக்கு, தின்று மாளாது, கொடுத்தால் வாங்க ஆள் இருக்காது. வருடம் முழுக்கத் திறந்து கிடக்கிற வண்டிகளை அந்த மாதம் மட்டும் பூட்டி வைப்போம், திருடனுக்குப் பயந்து அல்ல. பூட்டாமல் விட்டால் திரும்பி வரும்போது பின் சீட்டில் ஆறு சுக்கினி உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஆகஸ்ட் மாதத்தில், பெரிய வாயோடு ஒரு பெட்டியைக் காவல் இல்லாமல் தெருவில் வைத்திருந்தோம். மன்றத்தில் ஏழு பேர், ஏழு பேர் வீட்டிலும் தோட்டம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான்.

கிளென் பெட்டியைக் காலி செய்துவிட்டு, சாவியோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். இரண்டு வாரம். திரும்பி வந்த அன்று அவர், நான், லுவெல்லா மூவரும் பெட்டியைத் திறந்தோம். திறக்கும் முன்பே வாசனை வந்து எங்களைக் கூப்பிட்டது.

நாற்பத்து மூன்று சுக்கினி. ஒன்று கைக்குழந்தை அளவு. மேலே இருந்ததெல்லாம் பச்சையாக, நடுவில் இருந்தது பழுத்து, கீழே இருந்தது வெயிலில் வெந்து கூழாகி, அந்தக் கூழுக்குள் அறுபத்திரண்டு குடும்பங்களின் பள்ளி வரி. 'கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டுவேறு. கிளென் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழாய் கொண்டுவருகிறேன் என்று ஓடிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த சுக்கினியை நான்தான் எடுத்தேன். முதலில் விழுந்தது அதுதான். அதன் காம்பில் ஒரு நீலச் சணல். முப்பத்தோரு வருடமாக லுவெல்லா ரசீதுக் கட்டுகளைக் கட்டுகிற அதே நீலச் சணல். நான் அவளைப் பார்த்தேன். அவள் மேகத்தைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுதான் போட்டேன், ரோ. தலைவர் ஏரிக்குப் போன அன்னைக்கு. கோவத்துல."

"மத்த நாப்பத்திரண்டு?"

"அது ஊரு போட்டது." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஜூலை ஒண்ணாந்தேதி மறந்துபோய்ப் பை சுட்டுட்டேன். முழுசா ஒரு பை. நானே தின்னேன்."

சணலை அவிழ்த்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மினிட் புத்தகத்தில் எழுத வேண்டியது எது, வேண்டாதது எது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் அவசரக் கூட்டம். ஆகஸ்ட் முடிய நாலு நாள்தான் இருந்தது, ஊரே கூடிவிட்டது. லுவெல்லா முன் மேசையில் உட்கார்ந்து, முடி உலர்த்துகிற கருவியால் காசோலைகளை ஒவ்வொன்றாகக் காய வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலுக்கு மேலே எல்லோரும் கத்தினார்கள்.

"வாயைச் சின்னதா அடைச்சிடலாம்" என்றார் கிளென்.

"அப்போ பீன்ஸ் போடுவாங்க" என்றாள் இர்மா.

"சரி, ஃபோன்லயே கார்டுல கட்டட்டும். நூத்துக்கு மூணு கட்டணம், அவ்வளவுதான்."

"தள்ளுபடி ரெண்டு, கட்டணம் மூணு! எங்களை என்ன கேனைன்னு நெனச்சியா?" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் ஒரே குரலில் கேட்டார்கள். எங்கள் ஊர் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது மெர்ல் எழுந்தார். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். முட்டை அவிக்க வைத்திருக்கும் மணிக் கடிகாரத்தை நான் முறுக்கி வைத்தேன். முதல் நிமிடம் முழுக்க அவர் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தவணை வேணும்" என்றார் கடைசியில்.

"தவணையா? உனக்கென்னய்யா, காசுக்குக் கொறைச்சலா?" என்றார் கிளென்.

"காசு இருக்கு. பன்னெண்டு தவணை வேணும். மாசம் ஒண்ணு. பெட்டியில போட மாட்டேன். அவங்க அடுக்களைல, கையில குடுப்பேன்."

"மெர்ல், யோசிச்சுப் பேசு. தவணைல கட்டுனா தள்ளுபடி கிடையாது."

"தெரியும்."

"நூத்துக்கு ரெண்டும் போயிடும்யா!"

"போகட்டும்."

லுவெல்லா கருவியை நிறுத்திவிட்டாள். மூன்று டப்பா கோணல் ஆணி வைத்திருக்கிற மெர்ல் கிஸ்லர், ஊரார் முன்னால், பகிரங்கமாக, தள்ளுபடியை விடுகிறார். நூற்றைம்பது தலைகள் மெல்ல மெர்லிடமிருந்து லுவெல்லாவின் பக்கம் திரும்பின. இதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிளெனைத் தவிர.

"ஏன் பன்னெண்டு?" என்றார் அவர்.

"பதிமூணு குடுப்பீங்களா?" என்றார் மெர்ல்.

இர்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். லுவெல்லா எழுந்து நின்றாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்தது, ஆனால் குரல் வரி வசூலிப்பவளின் குரல்தான்.

"தலைவரே, இந்தத் தவணை கூடாது. காசு இருக்கிறவனுக்குத் தவணை கொடுக்க விதியில்ல."

மெர்ல் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மினிட் புத்தகத்தைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்து மொத்தத்தையும் கட்டணும். தள்ளுபடியோட" என்றாள் லுவெல்லா. "அடுத்த மாசத்துலேர்ந்து ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி சும்மா வரட்டும்."

"சும்மாவா?" மெர்ல் பயந்துபோய்க் கேட்டார். "ஒரு வேலையும் இல்லாமயா?"

"ஒரு வேலையும் இல்லாம."

மணிக் கடிகாரம் அடித்தது. 'வரி பழையபடி லுவெல்லாவின் அடுக்களையில்' என்று இர்மா முன்மொழிய, கூடத்தில் பாதிப் பேர், ஓட்டுரிமையே இல்லாதவர்கள், வழிமொழிந்தார்கள். ஏழுக்கு ஏழு. கிளென்கூடக் கை தூக்கினார், ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பெட்டி அங்கேயே இருக்கிறது, சுக்கினி போடுவதற்கு மட்டும். போடுகிறார்கள். எடுக்கத்தான் ஆளில்லை.

செப்டம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு மெர்ல் லுவெல்லாவின் பின்கட்டுக் கதவு முன்னால் நின்றார். கழுத்துப்பட்டி இருந்தது, காசோலை இல்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், கடைசியில் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இருபது நிமிடம் கழித்து நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் கழித்தும் பார்த்தேன். அதன் பிறகு எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

மத்தியானம் மெர்ல் மன்றத்துக்கு வந்தார். உதட்டோரத்தில் பை துணுக்கு ஒட்டியிருந்தது. ரசீது வாங்காமல் லுவெல்லாவின் அடுக்களையை விட்டு அவர் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. ரசீதின் நகலை என்னிடம் கொடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லாமல் வீட்டுக்குப் போனதும் இல்லை. அன்றும் ஒரு தாளை என் மேசைமேல் வைத்தார்.

"கோப்புல வெச்சிடு ரோ" என்றார், என்னைப் பார்க்காமல்.

வரி ரசீதுதான். முத்திரை, தேதி, லுவெல்லாவின் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. தொகை எழுதுகிற இடத்தில் ஒரு கோடு. பெற்றுக்கொண்டது என்ன என்ற இடத்தில், 'மெர்ல்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, முழுத் தொகையா தவணையா என்று கேட்கிற இடத்தில், அந்த விதி தவறாத பெண்பிள்ளை 'முதல் தவணை' என்பதற்கு நேராக டிக் அடித்திருந்தாள்.