பின்னால் யாருமில்லை

விழும்போது அவன் ஏன் பின்னால் திரும்பிப் பார்த்தான்?

அணி வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் பிசியோ டேப்லெட்டை முகத்தருகே கொண்டுவந்து அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். பந்து பெனால்டி கட்டத்துக்குள் உருண்டு வருகிறது. அதை எட்டிப் பிடிக்க அவன் இடது காலை ஊன்றி உந்துகிறான். அடுத்த கணம் முகம் பின்பக்கம் திரும்புகிறது, உடம்பு முன்பக்கம் சரிகிறது. அவனுக்குப் பின்னால் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரன் பக்கவாட்டில், கையை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

“எவனோ பின்னாலேர்ந்து குதிகால்ல உதைச்சான் அத்தான். டப்புன்னு சத்தமே கேட்டுச்சு. சத்தியமா.”

சொன்னவன் உடைமாற்றும் அறையின் மசாஜ் மேசை விளிம்பில், ஒரு பூட்ஸைக் கழற்றியும் இன்னொன்றைக் கழற்றாமலும் உட்கார்ந்திருந்தான். நாட்டு அணியின் முன்கள வீரன். பிசியோவின் மனைவிக்குத் தம்பி. முப்பது வயதைத் தாண்டிவிட்டவன். சொந்த நாட்டு ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் சருகு. யாராவது பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்கூட விழுந்துவிடுவான் என்பதால் வந்த பெயர்.

கூரைக்கு மேலே பார்வையாளர்களின் இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் இன்னும் முடியவில்லை. வென்றால் உலகப் போட்டிக்குப் போகலாம், சமநிலையில் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்கிற ஆட்டம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் என்று இருந்தபோதுதான் அவன் விழுந்தான். நடுவர் முதலில் பெனால்டி என்று புள்ளியைக் காட்டினார். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. பிறகு நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். வீடியோவைப் பார்க்கப்போகிறேன் என்பதற்கு அடையாளமாகக் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். ஓரத்தில் இருந்த திரையை ஓடிப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து பெனால்டியை ரத்துசெய்து, நடித்ததற்காக அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். முதல் பாதியில் நடுவரோடு வாய்ச்சண்டை போட்டு ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தான். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. அணி பத்துப் பேராகிவிட்டது.

மருத்துவர் பெஞ்சை விட்டு நகர முடியாததால் பிசியோதான் அவனைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிவந்தார். அந்த டேப்லெட் அணியின் மருத்துவக் குழுவுக்கென்று கொடுக்கப்பட்டது. யாருக்காவது அடிபட்டால் எப்படி அடிபட்டது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். வீடியோ நடுவர்கள் பார்க்கும் அதே கேமராக் காட்சிகள்தான் இதிலும் வரும்.

பிசியோவுக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். வீட்டில் மின்விசிறி முனகினால் கழற்றித் தரையில் பரப்பி, எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது என்று மனைவியை உட்காரவைத்து விளக்கிய பிறகுதான் மாட்டுவார். விழுவதும் அவருக்கு ஒரு இயந்திரம்தான். உண்மையாகவே தடுக்கி விழுகிறவனின் கைகள், அவன் மனதுக்குச் சேதி போவதற்கு முன்பே தரையைத் தேடிப் போய்விடும். நடிக்கிறவனுக்குத் தான் விழப்போவது முன்னமே தெரியும். அதனால் கைகளுக்கு வேலையில்லை, அவை மேலே போகும். நெஞ்சு முன்னால் தள்ளி உடம்பு வில்லாக வளையும். விழுவதா வேண்டாமா என்று மனசு முடிவெடுக்க வேண்டியிருப்பதால் இடித்ததற்கும் விழுவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். கடைசியாகக் கண். நடிக்கிறவன் நடுவரைத்தான் பார்ப்பான். அவன் நாடகத்துக்கு அந்த ஒரே ஆள்தான் பார்வையாளர்.

மைத்துனன் எப்படி விழுவான் என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தோள்பட்டை உடையாமல் உருளக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். காயம் வராமல் விழத்தான் கற்றுக்கொடுத்தார். அவன் அதை யாரும் இடிக்காமலே விழப் பயன்படுத்திக்கொண்டான். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நெஞ்சு படபடக்க ஓடுவார். அங்கே போனால் அவன் புல்லில் முகத்தைப் புதைத்தபடி கண்ணடிப்பான். மூன்றாம் முறை அவர் பொறுக்க முடியாமல், “டேய், எனக்கு மாரடைப்பு வந்தா உன் அக்காவ யாரு பாத்துக்கறது?” என்று கத்திவிட்டார். அப்போது செய்துகொண்ட ஏற்பாடு இது: பொய்யாக விழுந்தால் கத்த வேண்டும். நிஜமாகவே அடிபட்டால் கத்தக் கூடாது, சத்தமில்லாமல் கிடக்க வேண்டும். சத்தமில்லை என்றால் அவர் ஓடிவருவார். ஊரே வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்க, இந்த ஏற்பாடு அவர்கள் இருவருக்கும் பல வருடம் பிசகாமல் வேலை செய்தது.

இன்று அவன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். அதனால் பிசியோ நடந்துதான் போனார். நாடகத்துக்குத் தோதாகக் குளிர் மருந்தை இரண்டு தரம் பீய்ச்சிவிட்டு, “போதும் மாப்ள, எந்திரி” என்றார். “பின்னால உதைச்சான் அத்தான்” என்று அவன் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. எல்லா முறையும் அவன் சொல்கிற வசனம்தானே அது.

உள்ளே வந்ததும் கடமைக்குக் காலைப் பார்த்தார். விரல்கள் அசைந்தன. பாதத்தைக் கீழே அழுத்து என்றதும் கொஞ்சம் அழுத்தினான். விந்தி விந்தியாவது நடந்துதான் வந்தான். நடக்கிற காலில் என்ன இருக்கப்போகிறது?

கதவு திறந்தது. அணி மேலாளர் உள்ளே வந்தார். கோட்டுப் பித்தான் ஒன்று தப்பான துளையில் மாட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

“என்ன சார், நம்ம ஹீரோ விருது வாங்க ரெடியா?”

மேலாளர் மசாஜ் மேசைக்கு நேரே வந்து நின்றார்.

“இங்க பாரு தம்பி. ஆட்டம் முடிஞ்சதும் பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காரப்போற. நடிச்சேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரே வரி. சொல்லிட்டேன்னா தடைய கொறைக்கச் சொல்லி சங்கத்துல நான் பேசறேன். முடியாதுன்னா அந்தச் சட்டைய இன்னைக்கே மடிச்சு வெச்சிடு. இனிமே போட வேண்டியிருக்காது.”

“நான் நடிக்கல சார்.”

“ஒலகமே பாத்துச்சுப்பா. நிறுத்தி நிறுத்திப் பாத்துச்சு.” மேலாளர் பிசியோவின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். கால்ல ஏதாவது இருக்கா?”

பிசியோ அந்தக் காலைப் பார்த்தார். மைத்துனன் அவரைப் பார்த்தான்.

“பெரிசா வீக்கம் ஒண்ணும் இல்ல” என்றார்.

“அப்ப சரி.” கதவு மூடிக்கொண்டது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கழற்றாத பூட்ஸின் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். பிசியோவின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி.

“அவன் போன எடுக்க மாட்டேங்கறான். அம்மா டிவிய அணைச்சிட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. எல்லா சேனல்லயும் அவனத் துணி மாதிரி கிழிக்கறாங்க. என்னங்க, நீங்க அவன நம்பறீங்களா?”

“பாத்துட்டிருக்கேன்மா.”

“பாக்கறதுக்குத்தான் அத்தன கேமரா இருக்கே. நான் உங்களக் கேட்டேன்.”

அவள் வைத்துவிட்டாள்.

“அக்காவா?” என்றான் அவன்.

“ம்.”

“சொல்லிடறேன் அத்தான். நடிச்சேன்னே சொல்லிடறேன்.” குரல் தட்டையாக இருந்தது. “எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. இத்தன வருஷம் விழுந்து விழுந்து, ஒடம்பு தானாவே விழப் பழகிடுச்சோ என்னவோ. அது விழுந்தப்புறம் மனசு உதைச்சான்னு கத கட்டுதோ என்னவோ. அந்த வீடியோவ நானும்தான் பாத்தேன். பின்னால ஒருத்தனும் இல்ல. ஆனா சத்தம் கேட்டுச்சு. வலிச்சுது. பைத்தியம் புடிச்சவனுக்கு இப்படித்தான் இருக்குமா?”

“சும்மா இருடா.”

“கால்ல ஏதாவது இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். இந்த வயசுல கால்ல ஏதாவது இருந்தா அவ்ளோதான், இனிமே ஆட முடியாது. தெரிஞ்சும் வேண்டிக்கறேன். இப்படி வேண்டிக்கிற மொத ஆட்டக்காரன் நானாத்தான் இருப்பேன், இல்ல?” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

பிசியோ மறுபடி டேப்லெட்டை எடுத்தார். வேறென்ன செய்வது என்று தெரியாததால் எடுத்தார். கைகளைப் பார்த்தார். கைகள் மேலே போகவில்லை. நெஞ்சைப் பார்த்தார். வில் வளையவில்லை. கண் நடுவரைத் தேடவில்லை, பின்னால் தேடியது. உதைத்தவனைத் தேடியது. இல்லாத ஒருவனை அவ்வளவு கோபமாக ஒருவன் தேடுவானா? நடிப்பு என்றால், யாருக்காக? அந்தத் திசையில் நடுவர் இல்லையே.

வீடியோ அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தப்பு செய்யவில்லை என்பதை அவர் யோசித்துப் பார்த்தார். அவர்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இவனை அவன் தொட்டானா? அதற்காக அவர்கள் இரண்டு கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பெரிதாக்கினார்கள். நடுவர் திரையில் பார்த்ததும் அந்த இடைவெளியைத்தான். தொலைக்காட்சி மறுபடி மறுபடி காட்டியதும் அதையேதான். அவரும் இவ்வளவு நேரம் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கு வீடியோ சரியான பதிலைச் சொல்லிவிட்டது. காலுக்கு வெளியே ஒன்றும் நடக்கவில்லை.

காலுக்கு வெளியே.

இரண்டு விரல்களால் படத்தை நகர்த்தினார். தடுப்பாட்டக்காரன் திரையை விட்டு வெளியே போனான். பந்தும் போனது. மைத்துனனின் இடது முழங்காலுக்குக் கீழே இருந்தது மட்டும் திரையில் நின்றது. அவன் காலுறையைக் கணுக்கால் வரை சுருட்டிவிட்டு ஆடுகிறவன். பார்க்க அசிங்கமாயிருக்கு என்று அவன் அக்கா திட்டுவாள். அதனால் கெண்டைக்கால் முழுசாகத் தெரிந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த அதிவேகக் கேமராவின் காட்சியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு படமாகத் தட்டினார்.

குதிகால் தரையில். முழங்கால் நேராகிறது. கெண்டைத் தசை கல்லாக இறுகுகிறது. அடுத்த படத்தில் குதிகாலுக்கு மேலே, சுருட்டிய காலுறையின் விளிம்பில் தோல் சிறு குழியாக உள்வாங்குகிறது. அதற்கடுத்த படத்தில் ஒரு அலை, இழுத்துக் கட்டிய ரப்பர் அறுந்ததும் சுருண்டு ஏறுவதைப் போல, தோலுக்கு அடியில் முழங்காலை நோக்கி ஏறுகிறது. அதற்குப் பிறகுதான் தலை திரும்புகிறது.

பிசியோ அந்தப் படங்களை மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார். டேப்லெட்டை ஜன்னல் மேடையில் வைத்தார்.

“மாப்ள, குப்புறப் படு.”

“எதுக்கு?”

“படுடா சொல்றேன். பாதம் ரெண்டும் மேசைக்கு வெளியில தொங்கட்டும்.”

அவன் படுத்தான். மேசையில் முகம் வைப்பதற்கென்று இருந்த துளைக்குள் முகத்தைப் பதித்துக்கொண்டான். பிசியோ மிச்சமிருந்த பூட்ஸைக் கழற்றினார். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு கை போதும். கெண்டைத் தசை ஒரு கயிற்றின் மேல்முனை என்றால் குதிகால் எலும்பு அதன் கீழ்முனை. நடுவில் இருப்பது குதிகால் நாண். மேலே அமுக்கினால் கயிறு இழுபடும், குதிகால் மேலே வரும், பாதம் கீழே சாயும். ஆட்டக்காரன் நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாது, நினைத்தாலும் அதை நடிக்க முடியாது. விரலை அசைக்கச் சொல்லி அவர் பார்த்ததெல்லாம் வீண். நாண் அறுந்தாலும் பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள் பாதத்தைக் கொஞ்சம் அழுத்திக் காட்டிவிடும், ஆளை நடக்கவும் வைத்துவிடும். இது அவருக்குத் தெரியாததல்ல. வேறு யாராவது பின்னால் உதைத்தான் என்று சொல்லியிருந்தால் முதல் வேலையாக இதைத்தான் செய்திருப்பார்.

வலது கெண்டையை அமுக்கினார். வலது பாதம் சொன்ன பேச்சைக் கேட்டுத் தலையாட்டியது.

இடது கெண்டையை அமுக்கினார். பாதம் அசையவில்லை. கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி இன்னும் அழுத்தமாக அமுக்கினார். அசையவில்லை. குதிகாலுக்கு மேலே கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். விறைப்பாக இருக்க வேண்டிய இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது.

“என்ன அத்தான், ஏதாவது ஆடுதா?” துளை வழியாகத் தரைக்குச் சொன்னான்.

மேலே அரங்கம் திடீரென்று அதிர்ந்தது. யார் கோல் போட்டது என்று இங்கிருந்து தெரியாது. பிசியோ அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இரைச்சல் அடங்கும்வரை நின்றார்.

“உன்ன யாரும் உதைக்கல மாப்ள. குதிகால் நாண் அறுந்துடுச்சு. அறும்போது பின்னாலேர்ந்து எவனோ உதைச்ச மாதிரியேதான் இருக்கும், டப்புன்னு சத்தமும் கேக்கும். அதான் திரும்பிப் பாத்த, உதைச்சவன் மேல உள்ள கோபத்துல கத்தவும் செஞ்ச. நீ நடிக்கல.”

அவன் கத்தவில்லை. இடது பாதம் மேசை விளிம்பில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.