ஆறாவது கடைவாய்ப் பல்

பத்து நாள் விடுப்பு முடிந்து வந்த ஊசியக்கா, ஆய்வுக்கூட மேசையிலிருந்த தாடையின் பற்களை மூன்று தரம் எண்ணினாள். போகும்போது ஐந்து. இப்போது ஆறு. கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்து எழுந்து வந்தவளுக்குத் தூக்கம் போதாதுதான். அதற்காக, செத்து எண்பது லட்சம் வருஷமான மானுக்குப் பல் முளைத்துவிடுமா?

கல்லுக்குள் புதைந்த எலும்பை ஊசி முனையால் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுப்பது அவள் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். இந்தத் தாடைக்கு மட்டும் பதினொரு மாதம் போயிருந்தது. கடைசிப் பல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி. அந்தக் குழியையும் அவள்தான் துடைத்து வைத்திருந்தாள். தன் வீட்டு அடுப்படிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

"பாத்தியாம்மா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இயக்குநர். "மிச்சக் கல்லுக்குள்ள ஒளிஞ்சிருந்துது. நானே உக்காந்து எடுத்தேன்."

"நீங்களா சார்?"

"ஏன், நான் ஊசி பிடிக்கக் கூடாதா?"

பிடிக்கலாம். இருபது வருஷமாகப் பிடித்ததில்லை, அவ்வளவுதான். குளம்புள்ள விலங்குகளின் ஆராய்ச்சியில் அவர் பெயர் பெரிது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். காட்டு மான்களைக் காப்பாற்றுவது பற்றி அவர் பேசும் கூட்டங்களில் பத்துப் படம் காட்டினால், எட்டில் அவர் நிற்பார், ஒன்றில் மான் நிற்கும், இன்னொன்றில் மானை மறைத்துக்கொண்டு அவர் நிற்பார்.

"இந்தக் கடைசிப் பல்லுல ஒரு மேடு கூடுதலா இருக்கு பாரு. இதுவரைக்கும் யாரும் பாக்காத இனம்! என் பேரைத்தான் வைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"யாரு சார் சொல்றது?"

"எல்லாரும்," என்றார் மறுபடி, கொஞ்சம் சுருதி குறைந்து. "நாளைக்குக் காலையில கூட்டத்துல வெளியூர் நிபுணரம்மா வந்து பாக்கறாங்க. நீ வேலைத்தாளை எழுதி, ஆறு பல்லும் இந்தக் கல்லுலேர்ந்து வந்ததுதான்னு கையெழுத்துப் போட்டுடு. உன்னை நிரந்தரம் பண்ற உத்தரவு என் மேசையில ரெடியா இருக்கு. நாளைக்கு உன் கையில."

வேலைத்தாள் இல்லாத எலும்பை எந்த நிபுணரும் தொடமாட்டார். எது கல்லிலிருந்து வந்தது, எது பிறகு ஒட்டியது என்று எடுத்தவர் எழுதி, இயக்குநர் ஒப்பமிட வேண்டும். ஒன்பது வருஷமாக ஒப்பந்தக்காரியாகவே இருப்பவளுக்கு அந்த உத்தரவு எவ்வளவு பெரிது என்று இயக்குநருக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்குச் சந்தேகம் முதலில் அலமாரிக்காரர் மேல் விழுந்தது. உலகத்து மான்பல் அத்தனைக்கும் பிளாஸ்டர் அச்சு அவருடைய அலமாரிகளில்தான். மனுஷன் காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் ஆபரேஷனைப் பற்றி மட்டும் மூன்று தரம் விசாரித்துவிட்டார்.

"அண்ணே, அச்சு அலமாரியை யாராவது திறந்தாங்களா?"

"சாவி என்கிட்ட இருக்கு. கேட்டாக் குடுப்பேன். யாரு கேட்டாங்கன்னு நீ கேக்காதே, அக்கா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஆனால் குதிருக்குள் இருப்பது எந்த அப்பன்? இவரே செய்துகொடுத்தாரா, சாவியை மட்டும் கொடுத்தாரா?

மேசைக்குத் திரும்பினால் எறும்பு. ஒற்றை வரிசையாக மேசைக்காலில் ஏறி, பசை டப்பாவைச் சுற்றி, ஐந்து பற்களையும் ஏறெடுத்தும் பாராமல் நேராக ஆறாவதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கல்லா, எலும்பா என்று சந்தேகம் வந்தால் இந்தத் தொழிலில் நாக்கை வைத்துப் பார்ப்பார்கள். பழைய எலும்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஊசியக்கா எறும்புகளை ஊதிவிட்டு, ஆறாவது பல்லின் வேரில் நாக்கை வைத்தாள். பிடித்தது. காய்ந்த பிளாஸ்டரும் பிடிக்கும். அந்தமட்டில் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இனித்தது.

வெள்ளைப் பிளாஸ்டருக்குப் பழுப்பு நிறம் ஏற, டீயில் ஊறப்போட்டிருக்கிறார்கள். அலமாரிக்காரருக்குச் சர்க்கரை வியாதி. ஆறு வருஷமாகக் கசப்பு டீ. இந்தக் கட்டடத்தில் கோப்பையின் அடியில் பாகு நிற்க மூன்று கரண்டி போட்டுக் குடிப்பவர் இயக்குநர் ஒருவர்தான்.

அவள் வேலைத்தாளை எடுத்தாள். மத்தியானம்வரை பேனா மூடியைத் திறக்கவில்லை. கணவரின் மருந்துச் சீட்டு கைப்பையில் கிடந்தது. நிரந்தர உத்தரவு மாடியில் இருந்தது. அந்தக் குழியைத் துடைத்து முடிக்க அவளுக்கு ஆறு நாள் ஆகியிருந்தது. கடைசியில் எழுதினாள்: "ஐந்து பற்கள் கல்லிலிருந்து நான் எடுத்தவை. ஆறாவது நான் எடுத்ததல்ல. இனிக்கிறது." கையெழுத்துப் போட்டு மாடிக்குக் கொண்டுபோனாள். படித்தால் அங்கேயே தலைவெட்டுதான்.

இயக்குநர் கண்ணாடி முன்னால் நாளைய உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருப்பவர்கள் எழுதியதைப் படிப்பது அவர் வழக்கமில்லை. "எழுதிட்டியா? நல்ல பொண்ணு," என்று அதன் கீழே அரைப்பக்கத்துக்கு ஒப்பமிட்டார்.

மறுநாள் மேடையில் நிபுணரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாடையைப் பார்ப்பதற்கு முன் தாளைப் படித்தார். இரண்டாவது தரம் வாய்விட்டே படித்தார். பிறகு, நாற்பது பேர் பார்த்திருக்க, தாடையைத் தூக்கி நாக்கை வைத்தார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்," என்றார். "கீழே ஒப்பம் உங்களுதுதானே சார்?"

இயக்குநர் உரையைத் தேடுவதுபோல் பையெல்லாம் தடவினார். முதல் வரிசையில் இருந்த அலமாரிக்காரர் திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடினார்.

சாயங்காலம் தாடை ஊசியக்காவின் மேசைக்கே வந்துவிட்டது. உத்தரவு வரவில்லை. கணவர் போன் செய்தார்.

"என்னடி, நிரந்தரம் ஆயிடுச்சா?"

"அஞ்சு பல்லு ஆயிடுச்சு. எனக்கு நாளைக்குத் தெரியும்."

ஊசியை எடுத்து, குழியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்ட ஆரம்பித்தாள்.