தாய்ப்பால் மட்டும்

காஞ்சனா விடுப்பு மனுவோடு உள்ளே போனபோது, அதிகாரி ஜகந்நாதன் ஸ்டூலின் மேல் நின்று சுவரில் ஒரு படம் ஒட்டிக்கொண்டிருந்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தாய்ப்பால் கணக்கெடுப்பு, 1991. பிறந்து நான்கு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சென்னையிலிருந்து பெரியவர்கள் சால்வையோடு வரப்போவதாகப் பேச்சு. சால்வைக்குப் பொருந்தும் சட்டையை ஜகந்நாதன் ஏற்கெனவே தைக்கக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தொண்ணூற்றெட்டு வந்த வழி காஞ்சனாவுக்குத் தெரியும். எந்த வீட்டில் கேட்டாலும், "தாய்ப்பால்தான், வேறென்ன?" என்பார்கள். பிறந்த அன்று நாக்கில் தொட்டுவைத்த சீனித்தண்ணீர் சடங்கு. வசம்பு உரசிக் கொடுப்பது மருந்து. தாய் மில்லுக்கு ஷிப்டு போனபின் புட்டியில் கொடுக்கும் ஆட்டுப்பால் அழுகையமர்த்த. இவையெல்லாம் 'கொடுத்த' கணக்கில் வராது. கணக்கெடுக்கப் போன முதல் வாரம் அவள் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் பாரத்தில் எழுதினாள். ஜகந்நாதன் சிவப்பு மையால் அடித்தார். அப்புறம் அவளும் துருவவில்லை. தற்காலிக வேலை.

"பிள்ளைக்கு மூணு மாசம் சார். காலைல மொத பஸ்ல வந்தா இருட்டித்தான் வீட்டுக்குப் போறேன். பகல் பூரா புட்டிப்பால். நாலு நாளா வயித்தால போகுது. ஒரு மாசம் லீவு குடுங்க."

அவர் இறங்கி வந்து பாரக்கட்டைப் புரட்டினார். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்ற முறையில் சுந்தரபாண்டியத்தில் அவள் வீடும் சிக்கியிருந்தது. எழுதப் போனவள் கூட வேலை பார்க்கும் மாஜிதா. பதில் சொன்னவள் நாத்தனார் ரத்தினம்.

"தாய்ப்பால் மட்டும்னு இருக்கேம்மா."

"வீட்டு மானம்னு சொல்லியிருப்பாவ சார்."

"அப்ப மத்த வீட்டுலயும் மானத்துக்குத்தான் சொன்னாகளா? பாதிக்கட்டு உன் கையெழுத்துல்லா."

காஞ்சனா கட்டைப் பார்த்தாள். ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் லீவு போகும்.

"இல்ல சார்."

"அதான பார்த்தேன்." மனுவை மடித்து அவளிடமே கொடுத்தார். "இம்புட்டு நல்லா வந்தது எப்பிடின்னு சென்னைல ஆராயச் சொல்லுதாக. திங்கக்கெழமலேர்ந்து நீ அதுக்கு மலையடிவாரத்துல பிளவக்கல் பக்கம் போ. மூணு மாசந்தான்."

புதுப் பாரங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மணி பதினொன்று. பிள்ளை விழிக்கிற நேரம். ரவிக்கை நனையத் தொடங்கியது. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பாரக்கட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். 'நேற்று குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே விட்டிருந்த வெற்றிடத்தில் ஈரம் மெல்லப் படர்ந்தது.