ஜஸ்டினின் படிவத்திலிருந்து நீக்கிய பத்தி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விசா படிவத்தில் 'உங்கள் மணவாழ்க்கையை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. மணவாழ்க்கை என்னுடையதல்ல, படிவமும் என்னுடையதல்ல. ஆனால் அந்தக் கட்டத்தில் நான் ஒரு பத்தி எழுதினேன். படிவத்துக்குச் சொந்தக்காரன் அழிக்கச் சொன்னான். அழிக்கும் முன் நகலெடுத்து ஒரு புதுக் கோப்பில் ஒட்டிவைத்தேன். அந்தக் கோப்புதான் இது. பத்தியை இதிலிருந்தும் எடுத்துவிட்டேன். அதைச் சுற்றி எழுதியது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது ஜஸ்டின்

நிறுத்திவிட்டேன். நசரத்பேட்டையில் என் ஜன்னலிலிருந்து ஏரி தெரியாது. பக்கத்துக் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் தெரியும்.

இரண்டாவது:

தனிமை என்பது

இதை முடிக்கத் தேவையில்லை.

மூன்றாவது: கதவு தட்டப்பட்டது. இது போதும்.

2

கதவு தட்டப்பட்டது. நடுப்பகல். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்களின் பிரிண்டர் கோளாறுகளுக்குப் போனில் பதில் சொல்லும் இரவு வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, போன வருடம் விட்டுவிட்டேன். [காரணம் எதுவும் இல்லை. கம்பெனி கேப் வந்தது, ஹாரன் அடித்தது, நான் இறங்கிப் போகவில்லை.] வேலையை விட்டாலும் உடம்பு இன்னும் இரவு ஷிப்டில்தான் இருக்கிறது.

கீழ்வீட்டு ஜஸ்டின் நின்றிருந்தான். ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அதுவரை எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் தண்ணி மோட்டாரை அணைத்தாயா, இல்லையா என்பதுதான்.

"இன்னா மாமே, இந்நேரத்துல தூங்கிகினு கீற? கம்ப்யூட்டர் கீதா உங்கிட்ட?"

"இருக்கு. விண்டோஸ் இல்ல, லினக்ஸ்."

"அது இன்னா கம்பெனியோ, ஃபார்ம் ரொப்புமா?"

அவன் மனைவி ஜெபா ஒரு குளிர்நாட்டில் நர்ஸ். கல்யாணமான கையோடு போய்விட்டாள். இவன் அங்கே போய்ச் சேர இந்தப் படிவம் போகவேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் முதலிலிருந்து எல்லாம்.

"பூந்தமல்லில அவ்ளோ பிரவுசிங் சென்டர் இருக்கே?"

"போனேனே. அங்க உக்காந்துகினு கீறவன் ஒவ்வொரு கேள்வியா சத்தமா படிக்கிறான் மாமே. 'கடைசியா எப்ப ரெண்டு பேரும் சேந்து இருந்தீங்க'ன்னு. பின்னாடி ஆதார் திருத்த வந்த பொம்பளைங்க வரிசையா நின்னுகினு கீறாங்க. ஒரு ஆயா சிரிக்குது. எய்ந்து வந்துட்டேன்."

"என்கிட்ட மட்டும் சொல்லலாமா?"

"நீதான் யார்கிட்டயும் பேசவே மாட்டியே. அதான் வந்தேன்."

(இந்த வரியை மாற்றவில்லை. அவன் சொன்னபடியே இருக்கிறது.)

3

படிவம் திறக்கவில்லை. சரியாகச் சொன்னால், ஒரே ஒரு பக்கம் திறந்தது: தயவுசெய்து காத்திருக்கவும். கொஞ்ச நேரம் நாங்கள் நிஜமாகவே காத்திருந்தோம்.

இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிரப்பக்கூடிய பிடிஎஃப்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கட்டங்கள் பக்கத்தின் மேலேயே இருக்கும். லினக்ஸில் உள்ள எந்த மென்பொருளும் திறக்கும். இன்னொன்றில் நிஜப் படிவம் கோப்பின் வயிற்றுக்குள் இருக்கும், வெளியே தெரிவது காத்திருக்கச் சொல்லும் அட்டை மட்டும். அட்டையை விலக்கத் தெரிந்த மென்பொருள்கள் குறைவு. என்னிடம் இருந்த மூன்று பார்வை மென்பொருள்களும் அட்டையைத்தான் காட்டின. கடைசியில் என் பிரவுசரின் புதிய பதிப்பு அதை விலக்கியது. கட்டங்கள் வந்தன.

மணவாழ்க்கைக் கட்டம்வரை ஒழுங்காகப் போனது. அங்கே ஜஸ்டின் நின்றுவிட்டான்.

"நீயே எதனா போடு மாமே. இங்கிலீஷ் வருமே உனுக்கு."

போட்டேன். இத்தனை வருடம் போனில் மன்னிப்புக் கேட்கவே பயன்பட்ட இங்கிலீஷில், ஒரு காதல் எழுதினேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

அவன் கேட்டுவிட்டு, "ஆவடி ஸ்டேஷன்ல மழைல நின்னது யாரு?" என்றான்.

"நீயும் ஜெபாவும்."

"நாங்க பாத்துகினது அவங்க மாமா வூட்ல. மிக்சர் குட்த்தாங்க. அவ குனிஞ்ச தலை நிமிரல, நான் மிக்சர்ல கடலையா பொறுக்கிகினு இருந்தேன். அழி மாமே. அவளும் அங்க தனியா ஒரு ஃபார்ம் குட்த்துகீறா. ரெண்டும் ஒத்துக்கலன்னா பொய்க் கல்யாணம்னு தூக்கிப் போட்டுடுவான்."

ஜெபாவைக் கூப்பிட்டான். அங்கே விடியற்காலை. நைட் டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம், அது பேச்சில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அண்ணே, நான் எழுதுனத சொல்லட்டுமா? அவுங்க போனை செவுத்துல சாச்சு வெச்சிட்டு சாப்புடுவாங்க. நான் இங்க பாத்துட்டு இருப்பேன். கொழம்பு என்னன்னு கேப்பேன். அப்புறம் பேச மாட்டோம். அவ்வளவுதான்."

"இதையேவா எழுதினீங்க?"

"வேற என்னண்ணே எழுத? அதுதானே நடக்குது."

என் பத்தியை அழித்து அதைத் தட்டினேன். கட்டத்தில் நிறைய இடம் மிஞ்சியது.

4

சேமித்துத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. ஒரு பழக்கத்தில் ஜஸ்டினின் போனுக்கு அனுப்பி, அதிலும் திறக்கச் சொன்னேன்.

"மாமே. ஒண்ணுமே இல்லியே."

எல்லாக் கட்டங்களும் காலி. பெயர்கூட இல்லை.

* இதைப் புரிந்துகொள்ளுங்கள்: நிரப்பியதை ஒரு மென்பொருள் தனக்குத் தெரிந்த மூலையில் எழுதிவைக்கும். இன்னொன்று வேறு மூலையில் தேடும். எழுதியவனுக்கு எல்லாம் தெரியும், வாங்குபவனுக்கு வெற்றுத்தாள். இதை வைத்து மனித உறவுகளைப் பற்றி ஒரு வரி எழுதினேன். மலிவாக இருந்தது. தூக்கிவிட்டேன்.

போதாததற்குக் கடைசிப் பக்கத்தில் 'சரிபார்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால்தான் படிவம் செல்லும். பிரவுசரில் அது வெறும் படம்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டு ஜஸ்டின் என் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குள் படிவத்தைச் செய்த கம்பெனியின் சொந்த மென்பொருளை, பழைய பதிப்பாகத் தேடி நிறுவினேன். திறந்த உடனே செத்தது. மறுபடி திறந்தேன், மறுபடி செத்தது. அதன் பாதுகாப்பு முறையை அணைத்துவிட்டுத் திறந்தபோது சாகாமல் நின்றது. முதலிலிருந்து எல்லாவற்றையும் தட்டினோம். 'சரிபார்' அழுத்தினோம். மின்னஞ்சல் முகவரி விடுபட்டிருக்கிறது என்று சிவப்பில் சொன்னது.

"உன் மெயில் ஐடி என்ன?"

"எங்க மாமே... போன் வாங்கும்போது கடைக்காரன் ஒண்ணு போட்டான். உன்னுதே போட்டுடு."

ரேஷன் கார்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பர், கேஸ் சிலிண்டருக்கு மச்சினன் நம்பர், விசாவுக்கு மேல்வீட்டுக்காரன் மெயில். இங்கே யாரும் இதைத் தவறு என்று நினைப்பதில்லை. போட்டேன். இரண்டாம் முறை அழுத்தியபோது சிவப்பு வரவில்லை. போனில் திறந்தோம். கட்டங்கள் நிரம்பியிருந்தன. அனுப்பினோம்.

5

பதில் என் மெயில் பெட்டிக்குத்தான் வரும். ஆகவே ஜஸ்டின் தினமும் ஷிப்ட் முடிந்து நேராக மேலே வருகிறான்.

"வந்திச்சா?"

"இல்ல."

பிறகு உட்கார்ந்துவிடுகிறான். சில நாள் சென்னீர்குப்பத்தில் பரோட்டா கட்டிக்கொண்டு வருகிறான். ஜெபாவின் அழைப்பு வந்தால் என் சுவரில் போனைச் சாய்த்துவைக்கிறான். குழம்பு என்ன என்ற கேள்வி இப்போது என்னையும் சேர்த்து வருகிறது.

(கதாபாத்திரமாக இவனிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகாது. ஆகவே இதையும் குறித்துவைக்கிறேன்: மோட்டாரை அணைக்கவே மாட்டான். பரோட்டா தின்ற கையை என் திரைச்சீலையில் துடைக்கிறான்.)

நேற்று நான் தட்டிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தான்.

"என்ன வெச்சி கதையா எய்துற?"

"ம்."

"பேர மாத்திடு. கெத்தா எதனா வை."

[மாற்றிவிட்டேன். ஜஸ்டின் என்பது அவனே சொன்னது.]

"முடிவு இன்னா?"

"தெரியல."

"நான் போய்ட்டேன்னு எய்து மாமே. எய்துனா நடக்கும்." திரைச்சீலையில் கையைத் துடைத்தான். "அந்த மேல்வூட்டுக்காரன் இன்னா ஆவுறான்?"

"அவனுக்கெல்லாம் முடிவு தேவையில்ல."

"இன்னா கதை இது, தூ," என்றான்.

6

முடிவுகள்:

(அ) விசா கிடைக்கிறது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. வாசலில் கார் கிளம்பும்போது ஒரு கை தெரிகிறது. கீழ்வீட்டில் கொஞ்ச நாள் பூட்டு, பிறகு வேறொரு குடும்பம். அவர்கள் மோட்டாரை அணைக்கிறார்கள். அங்கே ஜெபா குழம்பு வைக்கிறாள், கேட்கவேண்டியதில்லை.

(ஆ) மறுக்கிறார்கள். ஜஸ்டின் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். மறுபடி போடலாம் என்கிறேன். இந்தக் கணினியில் இனி எல்லாம் ஓடும். மறுநாள் வருகிறான். அதற்கு மறுநாளும்.

(இ) பதிலே வராமல்

இது முடிவல்ல, இன்றைய நிலைமை.

எழுதுகிறவன்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது வழக்கம். இந்த ஒரு தடவை நீங்கள் செய்யுங்கள், அதுவும் சீக்கிரம். மூன்றையும் இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டேன். என்னிடம் விட்டால் நான் (ஆ)வைத்தான் எழுதுவேன்.