தைலமரப் பிசினில் சுட்ட கட்டி

உலை ஆறிவிட்டது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடியிருக்கும்வரை உள்ளே இருக்கும் கட்டி விரிசல் இல்லாமல்தான் இருக்கும் என்று மனசு சின்னப் பிள்ளைபோலக் கணக்குப் போட்டது.

"என்ன எஞ்சினியரம்மா, உள்ள சீஸ் ரொட்டியா வேகுது? திறங்க," என்றார் லவுரிவால். தார் கலக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு.

அவர் கன்னங்கள் சிவந்து உரிந்திருந்தன. நிலக்கரித் தாரின் ஆவி பட்ட முகத்தில் எங்கள் மினாஸ் மாநிலத்து வெயில் விழுந்தால் தீயாய் எரியும். அலுமினிய ஆலைக்கு நாங்கள் சுட்டுத் தரும் கரிக்கட்டிகளில் தூளைச் சேர்த்துப் பிடிப்பது அந்தத் தார்தான். அதற்குப் பதிலாக, தைலமரம் சுடும் எங்கள் கரிச்சூளைகளின் புகையோடு வீணாகும் மரத்தாரைக் காய்ச்சிப் பிசினாக்கினேன். முன்பு சுட்டவை எல்லாம் வெடித்தன. தைலமரப் பிசின் சூட்டில் அதிகமாக ஆவி விடும். நானோ நிலக்கரித் தாருக்குப் பழகிய வேகத்திலேயே சூடேற்றிக்கொண்டிருந்தேன். இம்முறை மிக மெதுவாக ஏற்றினேன். இதுவும் வெடித்தால் பழைய நிலக்கரித் தார்ப் பீப்பாய்களே போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"கலக்கும்போதே லிங்குயிசா இறைச்சியக் கரியில வாட்டுற வாசம். பசியே எடுத்துருச்சு. இது உடையாது பாருங்க."

"ஐயோ, வாய் வைக்காதீங்கண்ணே! மரத்தத் தட்டுங்க!"

நல்லதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மூன்று முறை மரத்தைத் தட்டாமல் எங்கள் ஊரில் யாருக்கும் நிம்மதியில்லை. லவுரிவால் சுற்றிலும் பார்த்தார். எல்லாம் இரும்பு, சிமெண்ட்.

"மரத்துக்கு எங்க போறது? உங்க தலையத்தான் தட்டணும்."

சிரித்த சிரிப்பில் கை தானாகவே கதவை இழுத்துவிட்டது.

கட்டி கன்னங்கரேலென்று முழுசாக இருந்தது. மேலே கீறல்கூட இல்லை. உள்ளே? தட்டினால்தான் தெரியும். உள்ளே வெடித்த கட்டி 'தொப்'பென்று சத்தம் போடும். நல்ல கட்டி மணிபோல ஒலிக்கும். சுத்தியலை எடுத்தேன். ஓங்கிய கையை மறுபடி இறக்கினேன். இவ்வளவு ஆசையா எனக்கு? இத்தனை நாளும் அதற்கு ஆய்வு என்று பெயர் வைத்து மறைத்துவைத்திருக்கிறேன்.

"இந்தப் பிசினும் மரந்தானம்மா," என்றார் லவுரிவால். "மூணு தட்டுங்க."

கணீர்.

கணீர்.

மூன்றாவதற்குச் சுத்தியலை அவரிடம் நீட்டினேன். அவர் தட்டியதில் கொட்டகையே அதிர்ந்தது. உரிந்த கன்னங்கள் வலித்திருக்கும். அப்படியும் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மேலாளரக் கூப்பிடுங்கம்மா, ஓடுங்க!"

ஓடினேன். நடக்கவே மறந்திருந்தேன்.